பனி மூடிய மலையில் வழி அறிந்து நடப்பது: ஒரு முழுமையான வழிகாட்டி

கோடையில் ஏழெட்டு முறை ஏறி இறங்கிய முகடு அது. கண்ணைக் கட்டிவிட்டாலும் போய் வருவேன் என்று சொல்லித் திரிந்தேன். பனிக்காலத்தில் முதன்முறையாக அங்கே போனபோது, மரங்கள் முடியும் இடத்தைத் தாண்டிய ஐந்தாவது நிமிடம் நின்றுவிட்டேன். பாதை இல்லை. பாதையைக் காட்டும் கற்குவியல்கள் இல்லை. எப்போதும் தண்ணீர் குடிக்கும் ஓடையையும் காணோம். கைகாட்டிப் பலகை மட்டும் நின்றது. அதிலும் ஒரு சாண் நீளத்துக்கு உறைபனி இறகு இறகாக வளர்ந்து எழுத்தை விழுங்கியிருந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் பாதைதான், மலை தெரியாது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

ஒன்றரை மீட்டர் பனி விழுந்தால் பாதை மறைந்துவிடும். முகடு மறையாது, கணவாய் மறையாது, சரிவு எந்தப் பக்கம் இறங்குகிறது என்பது மாறாது. ஆகவே பனிக்காலத்தில் பாதையைத் தேடிப் பொழுதைக் கழிக்காமல் நிலத்தின் வடிவத்தைப் படிக்கப் பழக வேண்டும். கீழே வரும் எல்லா உத்திகளும் இந்த ஒன்றுக்குத்தான் உதவுகின்றன.

ஓர் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். இது பனி படிந்த மலைகளில் நடப்பவர்களுக்கானது. பனியாறுகளின் மேல் நடப்பது வேறு விஷயம். அங்கே காலடியில் வெடிப்புகள் ஒளிந்திருக்கும். கயிறும் அனுபவமுள்ள வழிகாட்டியும் இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

முந்தின இரவு: வரைபடத்தோடு ஒரு மணி நேரம்

பனிக்கால நடையின் பாதி வேலை வீட்டுக்குள்ளேயே, மேசை விளக்கின் கீழே நடக்கிறது. மலைமேல் காற்றடிக்கும்போது வரைபடத்தை விரித்து யோசிக்க முடியாது. கையுறையைக் கழற்றிய இரண்டாவது நிமிடத்தில் விரல் மரத்துப்போகும், மூளையும் சோம்பலாகும். யோசிக்க வேண்டியதையெல்லாம் கதகதப்பான அறையில் யோசித்து முடித்துவிட்டுப் போவதே புத்திசாலித்தனம்.

1:25,000 அளவு வரைபடம் கிடைத்தால் அதையே எடுங்கள். அதில் 4 சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். முதலில் பார்க்க வேண்டியது சமஉயரக் கோடுகளை, அதாவது ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகளை. கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சமதளம் என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு நெருங்கினால் ஆபத்து என்பதைப் பலர் அளந்து பார்ப்பதில்லை. பலகை போலப் பெயர்ந்து விழும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளில்தான் கிளம்புகின்றன. 10 மீட்டர் இடைவெளியில் கோடு வரைந்த 1:25,000 வரைபடத்தில் ஒவ்வோர் ஐந்தாவது கோடும் தடித்திருக்கும். இரண்டு தடித்த கோடுகளுக்கு நடுவே 3.5 மில்லிமீட்டர் இருந்தால் அந்தச் சரிவு சரியாக 30 பாகை. 20 மீட்டர் இடைவெளியில் கோடு வரைந்த 1:50,000 வரைபடத்திலும் தடித்த கோடுகளுக்கு நடுவே இதே 3.5 மில்லிமீட்டர்தான். ஒரு காகிதத் துண்டின் ஓரத்தில் இந்த அளவைக் குறித்துக்கொண்டு வரைபடத்தின் மேல் நகர்த்திப் பாருங்கள். கோடுகள் அதைவிட நெருங்கியிருக்கும் இடத்தையெல்லாம் சிவப்பு பென்சிலால் நிழலடித்துவிடுங்கள்.

நீங்கள் நடக்கும் இடம் சாதுவாக இருந்தால் மட்டும் போதாது. தலைக்கு மேலே இருக்கும் சரிவு சிவப்பாக இருந்தால், அங்கே பெயர்வது உங்கள் மேல்தான் வந்து விழும். குறுகிய ஓடைப் பள்ளங்கள் இந்த வகையில் மிகவும் மோசமானவை. கோடைப் பாதைகள் பெரும்பாலும் அப்படிப்பட்ட பள்ளங்களின் வழியாகவோ, செங்குத்துச் சரிவின் குறுக்காகவோதான் போகும். பனியில்லாத காலத்தில் அதுதான் சுலபம். பனிக்காலத்தில் அந்தக் கோட்டை அப்படியே பின்பற்றுவதே முதல் பிழை. அகலமான முகட்டு முதுகு, அடர்ந்த காடு, மெல்லச் சாயும் தோள் (முகட்டில் ஏற்றம் தணிந்து தட்டையாகும் இடம்), இவற்றின் வழியே புதிய கோடு போடுங்கள். தூரம் ஒன்றரை மடங்கானாலும் பரவாயில்லை.

அந்தப் பகுதிக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியாகிறது என்றால் அதைப் படிக்காமல் கோடு போடாதீர்கள். ஐரோப்பா, வட அமெரிக்கா உட்படப் பல நாடுகளில் ஐந்து நிலை அளவுகோல் நடைமுறையில் இருக்கிறது. ஐந்தில் மூன்று என்றதும் "நடுத்தரம்தானே" என்று சிலர் கிளம்பிவிடுகிறார்கள். ஐரோப்பாவில் நான்காம், ஐந்தாம் நிலைகளில் இறப்பவர்களைவிட மூன்றாம் நிலையில் இறப்பவர்களே அதிகம். நான்கு என்றால் எல்லோரும் வீட்டில் இருந்துவிடுகிறார்கள், அவ்வளவுதான். எந்தத் திசை நோக்கிய சரிவுகளில், எந்த உயரத்துக்கு மேல் ஆபத்து என்றும் அந்த அறிக்கையில் சொல்லியிருப்பார்கள். எண்ணைவிட அந்த வரிகள்தான் உங்கள் கோட்டை முடிவு செய்ய வேண்டும்.

அடுத்தது காற்று. கடந்த சில நாட்களாகக் காற்று எங்கிருந்து வீசியது என்று பாருங்கள். காற்று பனியை வாரிக்கொண்டு போய் முகட்டின் மறுபக்கத்தில் கொட்டும். அங்கே முகட்டு விளிம்பிலிருந்து வெற்றிடத்துக்குள் நீட்டிக்கொண்டு, கூரைச் சாய்ப்பு போலப் பனி தொங்கும். மலையேறுபவர்கள் இதை கார்னிஸ் என்பார்கள். மேலிருந்து பார்த்தால் கெட்டியான தரையாகத்தான் தெரியும். கீழே ஒன்றும் இருக்காது. உடையும்போது தொங்கும் பகுதி மட்டும் உடைவதில்லை, பல மீட்டர் உள்ளே தள்ளியும் பிளந்துகொண்டு போகும். வடமேற்குக் காற்று என்றால் தென்கிழக்கு விளிம்பைக் கோடு போட்டு ஒதுக்கிவிடுங்கள். மலைமேல் போன பிறகும் இதைச் சரிபார்க்கலாம். கைகாட்டியிலும் பாறையிலும் வளரும் உறைபனி இறகுகள் காற்று வரும் திசையை நோக்கியே நீளும்.

ஒரு துண்டை மட்டும் அருகில் பார்ப்போம்

முழு வழியையும் ஒரே கோடாக நினைக்காதீர்கள். அடையாளம் காணக்கூடிய இடங்களுக்கு நடுவே துண்டு துண்டாகப் பிரியுங்கள். மூடுபனியில் ஒரு துண்டு ஒரு கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது என் கணக்கு. கையோடு கொண்டுபோகும் ஒரு சிறு அட்டையில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வரி எழுதுங்கள். என் அட்டையிலிருந்து ஒரு வரியை எடுத்துக்கொள்வோம்: ஒரு கணவாயிலிருந்து மேலே உள்ள தோள்பட்டை வரை.

வரைபடத்தில் 3.6 சென்டிமீட்டர், அதாவது 900 மீட்டர். வெட்டும் கோடுகள் 12, ஏற்றம் 120 மீட்டர். திசை, வரைபட வடக்கிலிருந்து 62 பாகை. காந்த விலகலுக்கு, அதாவது திசைகாட்டியின் வடக்குக்கும் வரைபட வடக்குக்கும் உள்ள வித்தியாசத்துக்கு, 3 கூட்டினால் 65.

நேரக் கணக்கு இப்படி. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன விதியைத்தான் இன்றும் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள்: 3 மைலுக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 2,000 அடி ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். நம் அளவில் மணிக்கு 5 கிலோமீட்டர், 100 மீட்டர் ஏற்றத்துக்கு 10 நிமிடம். ஆனால் இது பனியில்லாத தரைக்கான கணக்கு. கணுக்கால் அளவுப் பனியில் நான் மணிக்கு 3 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வேன். முழங்கால் ஆழத்தில் ஒன்றரை கிலோமீட்டர் கிடைத்தாலே பெரிது. இந்தத் துண்டுக்கு 900 மீட்டர் நடக்க 18 நிமிடம், 120 மீட்டர் ஏற 12 நிமிடம், ஆக 30 நிமிடம்.

இதற்குப் பிறகு வருவதுதான் அட்டையின் உயிர். வழியில் என்னென்ன தெரிய வேண்டும், தாண்டிப் போய்விட்டால் எப்படித் தெரியும்? இந்தத் துண்டில் முதல் 300 மீட்டர் செங்குத்து, பிறகு ஏற்றம் தணியும். வலப்பக்கம் முழுவதும் விளிம்பு. 900 மீட்டரில் தரை தட்டையாகும். அதற்கப்பால் தரை கீழே இறங்க ஆரம்பித்தால் தோளைத் தாண்டிவிட்டேன் என்று பொருள். வலப்பக்கம் கார்னிஸ் இருக்கலாம் என்பதால், வேண்டுமென்றே 5 பாகை இடப்பக்கம் ஒதுங்கி 60-இல் நடப்பேன். 900 மீட்டர் போய்ச் சேரும்போது சரியான இடத்துக்குச் சுமார் 80 மீட்டர் இடப்பக்கம் இருப்பேன், அவ்வளவுதான். பிழை வந்தாலும் எந்தப் பக்கத்துப் பிழை என்பதை நாமே தேர்ந்தெடுத்துக்கொள்வது இது. குறி தப்பினால் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று தடுமாற வேண்டியதும் இல்லை.

தாண்டிவிட்டதைச் சொல்லும் அடையாளமாகப் பாறை விளிம்பையோ ஓடையையோ வைக்காதீர்கள். விளிம்பு உங்களுக்குத் தெரியும்போது நீங்கள் அதன் மேல் நின்றுகொண்டிருப்பீர்கள். ஓடை பனிக்கடியில் இருக்கும். அதைத் தாண்டியதே தெரியாது. உறைந்த ஏரியும் அப்படித்தான், வெறும் சமவெளி போல ஏமாற்றும். தரை சரியும் திசை மாறுவது, காட்டின் ஓரம், கணவாயின் தாழ்வு போன்றவையே நம்பகமானவை.

ஒவ்வொரு துண்டுக்கும் "இங்கிருந்து விட்டுவிட்டுப் போவதென்றால் எந்தப் பக்கம்" என்றும் ஒரு வார்த்தை எழுதிவிடுங்கள். அந்த வழியிலும் சிவப்பு நிழல் குறுக்கிடக் கூடாது.

திசைகாட்டியும் மற்றவையும்

அடித்தட்டு ஒளி ஊடுருவும் திசைகாட்டி வேண்டும்; கையுறையோடு சுழற்றும்படி வளையம் பெரிதாக இருக்க வேண்டும். வரைபடம் நனையாத தாளில் இருக்க வேண்டும், அல்லது உறையில் இருக்க வேண்டும்; நடக்கும் பகுதி மேலே தெரியும்படி மடித்து, கழுத்திலோ இடுப்பிலோ கட்டிவிடுங்கள். காற்றில் பறந்துபோன வரைபடத்தை யாரும் துரத்திப் பிடித்ததில்லை. மாற்று வரைபடம் ஒன்று வேறொருவர் பையில் இருக்கட்டும். பனிக் கண்ணாடி, தலைவிளக்கு, அதற்கு மாற்று பேட்டரி, காற்றைத் தடுக்கும் அவசர உறை, விசில்: இவற்றைப் பற்றி விவாதிக்கவே வேண்டாம், எடுத்துக்கொள்ளுங்கள்.

காந்த விலகலை மட்டும் விட்டுவிட முடியாது. திசைகாட்டி முள் காட்டுவது காந்த வடக்கு. வரைபடம் வரையப்பட்டது வேறு வடக்குக்கு. இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் இடத்துக்கு இடம் மாறும், வருடத்துக்கு வருடமும் கொஞ்சம் நகரும். சில இடங்களில் 1 பாகைகூட இருக்காது, சில இடங்களில் 15 பாகையைத் தாண்டும். 1 பாகை பிழையோடு ஒரு கிலோமீட்டர் நடந்தால் 17 மீட்டர் விலகுவீர்கள். 15 பாகை என்றால் 260 மீட்டர். வரைபடத்தின் ஓரத்தில் அந்த அளவும் அளந்த ஆண்டும் அச்சிட்டிருக்கும். காந்த வடக்கு மேற்கே விலகியிருந்தால், வரைபடத்தில் அளந்த பாகையோடு கூட்டுங்கள். கிழக்கே விலகியிருந்தால் கழியுங்கள். மலைமேல் நின்று கூட்டலா கழித்தலா என்று மண்டையை உடைத்துக்கொள்ளாமல் அட்டையிலேயே திருத்திய எண்ணை எழுதிவிடுவது என் வழக்கம்.

திசைகாட்டியை ஃபோன் இருக்கும் பையில் போடாதீர்கள். ஃபோனின் ஒலிபெருக்கியில் காந்தம் இருக்கிறது. ஃபோன் உறைகளிலும் கையுறைக் கொக்கிகளிலும்கூட இருக்கலாம். தொடர்ந்து ஒட்டிக்கிடந்தால் முள்ளின் துருவமே தலைகீழாக மாறிவிடும். அப்போது வடக்கு என்று தெற்கைக் காட்டும், துளி சந்தேகமும் இல்லாமல் காட்டும். புறப்படும் இடத்தில், திசை தெரிந்த ஒன்றை நோக்கி ஒரு முறை சோதித்துப் பாருங்கள்.

காற்றழுத்த உயரமானி உள்ள கைக்கடிகாரம் இருந்தால் அது பெரிய வரம். ஒரு சரிவில் நிற்கிறீர்கள், உயரம் 1,740 மீட்டர் என்று தெரிகிறது என்றால், நீங்கள் இருக்கக்கூடிய இடம் வரைபடத்தில் ஒரே ஒரு கோடாகச் சுருங்கிவிடுகிறது. ஆனால் அழுத்தம் மாறினால் அந்த எண்ணும் மாறும். 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் 8 முதல் 10 மீட்டர் வரை கூடுதலாகக் காட்டும். உயரம் தெரிந்த ஒவ்வோர் இடத்திலும் திருத்திக்கொண்டே போக வேண்டும். அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது உயரம் ஏறிக்கொண்டே போனால், மலை வளரவில்லை, வானிலை கெடுகிறது.

நடக்கும்போது

கட்டைவிரல் எப்போதும் வரைபடத்தில் நீங்கள் நிற்கும் இடத்தில் இருக்கட்டும். வேறெந்த உத்தியும் பிடிபடாவிட்டாலும் இந்த ஒரு பழக்கம் பிடிபட்டால் போதும். தொலைந்துபோனவர்களில் பலர் ஒரே நொடியில் தொலைந்துபோவதில்லை. கடைசியாக வரைபடம் பார்த்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். அதற்குள் சின்னச் சின்னப் பிழைகள் சேர்ந்திருக்கும். நல்ல வெயிலில், எல்லாம் தெரியும்போதுதான் அடிக்கடி பார்க்க வேண்டும். மேகம் இறங்கும் நேரத்தில் "இப்போது எங்கே இருக்கிறோம்" என்று கேட்டால் அது தாமதமான கேள்வி.

தூரத்தை அளக்க எண்ணிக்கை. இடது கால் தரையைத் தொடும்போது மட்டும் ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். சமதளத்தில் 100 மீட்டருக்கு எனக்கு 63 வரும். பெரும்பாலானவர்களுக்கு 60-க்கும் 70-க்கும் நடுவே வரும். கணுக்கால் பனியில் ஏறும்போது எனக்கு 75 ஆகிறது, ஆழம் கூடினால் 90-ஐயும் தாண்டும். உங்கள் எண்ணை நீங்கள்தான் அளந்து கண்டுபிடிக்க வேண்டும், கடன் வாங்க முடியாது. மேலே சொன்ன 900 மீட்டருக்கு என் கணக்கு 675. அத்தனையையும் ஒரே மூச்சில் எண்ணினால் நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்ததும் மறந்துபோகும். 75 ஆனதும் இடப்பைக்குள் இருக்கும் ஒரு கொட்டையை வலப்பைக்கு மாற்றுவேன். ஒன்பது கொட்டை மாறினால் தோள்பட்டை. உண்ணக்கூடிய கொட்டையாக இருந்தால் ஆபத்து. ஒருமுறை நடுவில் இரண்டைத் தின்றுவிட்டேன்.

எண்ணிக்கை, நேரம், உயரம், தரையின் வடிவம் என்று நான்கு சாட்சிகள் இருக்கின்றன. மூன்று ஒத்துப்போய் ஒன்று முரண்டு பிடித்தால் தொடரலாம். இரண்டுக்கு இரண்டு என்றால் நில்லுங்கள். "பரவாயில்லை, வரைபடத்தில் இந்த மேட்டை விட்டிருப்பார்கள்" என்று மனம் சமாதானம் சொல்ல ஆரம்பிக்கும். வரைபடம் தப்பு என்று தோன்றும் நொடியில் பெரும்பாலும் தப்பு நம்முடையது.

பனியில் தெரியும் காலடித் தடங்கள் தனிக் கதை. யாரோ போயிருக்கிறார்கள் என்றதும் மனம் ஆறுதலடைந்து திசைகாட்டியைப் பைக்குள் போட்டுவிடும். அவர்கள் எங்கே போனார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. சரியாகத்தான் போனார்களா என்றும் தெரியாது. பனிச்சறுக்குக்காரர்களின் தடம் என்றால் நீங்கள் இறங்க முடியாத சரிவுக்கே கொண்டுபோய் விடும். உங்கள் சொந்தத் தடத்தையும் நம்பித் திரும்பத் திட்டமிடாதீர்கள். காற்று எழுந்தால் ஒரு தடம் மூட பத்து நிமிடம் போதும்.

வானமும் தரையும் ஒன்றாகிவிட்டால்

மேகம் இறங்கி, தரையும் வெள்ளை, காற்றும் வெள்ளை என்று ஆகும் நிலையை ஒயிட்அவுட் என்பார்கள். நிழல் விழாது. மேடும் பள்ளமும் ஒன்றாகத் தெரியும். நடந்துகொண்டிருக்கிறோமா நிற்கிறோமா என்பதேகூடச் சந்தேகமாகிவிடும். உள்ளுணர்வை நம்பி நேராக நடந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஜெர்மனியின் மேக்ஸ் பிளாங்க் ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், சூரியன் தெரியாத காட்டில் நடந்தவர்கள் நேராகத்தான் போகிறோம் என்று நம்பிக்கொண்டே வட்டமடித்தார்கள். கண்ணைக் கட்டி நடந்தவர்கள் 20 மீட்டர் விட்டத்துக்குள்ளேயே சுற்றிவந்தார்கள்.

ஒருமுறை அகலமான மேட்டுச் சமவெளியில் இதில் மாட்டிக்கொண்டேன். கூட வந்த நண்பர் முன்னால், நான் பத்தடி பின்னால். திசைகாட்டி என் கையில். அவர் வலப்பக்கம் சாயும்போதெல்லாம் "இடது" என்று கத்துவேன். முன்னால் இருப்பவர் குறிக்கம்பம், பின்னால் இருப்பவர் கண். நடுவே அவர் நின்று ஒரு பனியுருண்டை செய்து முன்னால் வீசினார். அது விழுந்து தரையில் ஒரு சாம்பல் புள்ளியானது. அதை நோக்கி நடந்தோம். மறுபடி வீசினார், மறுபடி புள்ளி. ஏழாவதோ எட்டாவதோ வீசியபோது உருண்டை விழவே இல்லை. எங்கள் கண்முன்னே வெள்ளைக்குள் போய் மறைந்தது. சத்தமும் இல்லை. இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் வந்த அடியிலேயே கால் வைத்துப் பின்வாங்கினோம். அந்த விளிம்பு எங்கள் கணக்கின்படி இன்னும் 150 மீட்டர் தள்ளி இருந்திருக்க வேண்டும்.

அதனால்தான் சொல்கிறேன், முன்னால் எதுவும் தெரியாதபோது பனியுருண்டை வீசிக்கொண்டே போங்கள். முன்னால் போகிறவர் பார்வையை விட்டு அகலக் கூடாது. பனிச்சரிவு அபாயமுள்ள இடமென்றால் இந்த நிலையில் அங்கே இருக்கவே கூடாது.

குறுக்கே பாறையோ பள்ளமோ வந்தால் சுற்றிப் போவதற்கும் ஒரு முறை உண்டு. 90 பாகை வலப்பக்கம் திரும்பி, தடை முடியும் வரை எண்ணிக்கொண்டே போங்கள்; 40 என்று வைத்துக்கொள்வோம். பழைய திசையில் நடந்து தடையைத் தாண்டுங்கள். பிறகு 90 பாகை இடப்பக்கம் திரும்பி அதே 40. பழைய கோட்டுக்கே வந்து நிற்பீர்கள்.

நான் மிகவும் மதிக்கும் உத்தி வேறொன்று, செலவே இல்லாதது. எங்கே இருக்கிறோம் என்று சந்தேகம் வந்தால், சரிவு நேர் கீழே இறங்கும் திசையை நோக்கி நின்று திசைகாட்டியால் அதை அளந்துகொள்ளுங்கள். 120 பாகை என்று வருகிறது என்று வையுங்கள். காந்த விலகலைத் திருத்திவிட்டு, வரைபடத்தில் சமஉயரக் கோடுகளுக்குச் செங்குத்தாக அந்தத் திசையில் இறங்கும் இடங்களைத் தேடுங்கள். முகட்டின் மேற்குப் பக்கம் இருக்கிறோமோ என்ற பயம் அங்கேயே தீர்ந்துபோகும். மேற்குப் பக்கச் சரிவு தென்கிழக்கில் இறங்காது. உயரமானியையும் சேர்த்துக்கொண்டால் பெரும்பாலும் ஓரிரு இடங்களே மிஞ்சும்.

ஃபோனை எவ்வளவு நம்பலாம்

நிறையவே நம்பலாம், அது உயிரோடு இருக்கும் வரை. திறந்த வானத்தின் கீழே சில மீட்டர் துல்லியத்தில் இடத்தைச் சொல்லும் கருவியை ஒதுக்கிவிட்டுத் திசைகாட்டியோடு மட்டும் போவதை வீரம் என்று நான் நினைப்பதில்லை. வரைபடத்தை முன்பே இறக்கிவைத்து, விமானப் பயன்முறையில் போட்டு, உடம்பை ஒட்டிய உள்பையில் வையுங்கள். லித்தியம் பேட்டரி குளிரில் சட்டென்று வலுவிழக்கும். 40 சதவீதம் காட்டிய ஃபோன் வெளியே எடுத்த இரண்டாவது நிமிடம் அணைந்துபோகும். பவர் பேங்கும் உள்பையில்தான் இருக்க வேண்டும். ஈரமான திரை விரலை மதிக்காது என்பதையும் கணக்கில் எடுங்கள்.

யாரோ பதிவேற்றிய ஜி.பி.எஸ். தடத்தை அப்படியே பின்பற்றுவதுதான் எனக்குப் பிடிக்காத பழக்கம். அது கோடையில் பதிவானதா, பனியில் பதிவானதா? அந்தத் தடத்தை உங்கள் சிவப்பு நிழலோடு ஒப்பிட்டீர்களா? செயலி காட்டும் புள்ளி நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதைச் சொல்லும். அடுத்த அடியின் கீழே என்ன இருக்கிறது என்பதைச் சொல்லாது. ஃபோனை ஐந்தாவது சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள். அட்டையின் ஒவ்வொரு துண்டும் முடியும்போது எடுத்துப் பார்த்து, கட்டைவிரலோடு ஒப்பிட்டு, உள்ளே வைத்துவிடுங்கள்.

திரும்பும் நேரம்

வட அட்சரேகை 50 பாகையில் டிசம்பர் 21 அன்று பகல் ஏறத்தாழ 8 மணி நேரம்தான். பள்ளத்தாக்கில் வெளிச்சம் அதற்கும் முன்னதாகவே போய்விடும். சூரியன் மறையும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, ஒரு மணி நேரத்தைக் கூடுதலாகக் கழித்து, திரும்பும் நேரத்தை அட்டையின் மேலே பெரிதாக எழுதுங்கள். சிகரம் ஐந்து நிமிடத்தில் இருந்தாலும் அந்த நேரம் வந்தால் திரும்ப வேண்டும். ஐந்து நிமிடம் என்று அப்போது சொல்வது களைத்த மூளை.

களைப்பும் குளிரும் முதலில் தின்பது வழி கணிக்கும் திறனைத்தான். உடலின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் அது தாழ்வெப்பநிலை. அதற்கு முன்பே எரிச்சல், தடுமாற்றம், "எப்படியாவது போகட்டும்" என்ற அலட்சியம் எல்லாம் வந்துவிடும். எளிய கூட்டலில் இரண்டு முறை தவறினால் வரைபடத்தை அடுத்தவரிடம் கொடுத்துவிடுங்கள். மணிக்கு ஒருமுறை ஆள் மாற்றிக்கொள்வது இன்னும் நல்லது.

தெரியவில்லை என்று ஒப்புக்கொண்ட பிறகு

நில்லுங்கள். காற்றுக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள், இன்னோர் ஆடையைப் போடுங்கள், ஏதாவது சாப்பிடுங்கள். அதன் பிறகுதான் வரைபடம்.

கடைசியாகச் சந்தேகமில்லாமல் இருந்த இடம் எது? அங்கிருந்து எத்தனை நிமிடம் நடந்தீர்கள்? 20 நிமிடம், மணிக்கு 3 கிலோமீட்டர் என்றால், அதிகபட்சம் ஒரு கிலோமீட்டர். அந்த இடத்தை மையமாக வைத்து 4 சென்டிமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போடுங்கள். நீங்கள் அதற்குள்தான் இருக்கிறீர்கள். சரிவின் திசையையும் உயரத்தையும் அளந்து அந்த வட்டத்துக்குள் தேடுங்கள். முடிந்தால் வந்த வழியே, எதிர்த் திசையில் திரும்புங்கள். 60-இல் வந்திருந்தால் 240.

"ஓடையைப் பிடித்துக் கீழே இறங்கினால் ஊர் வந்துவிடும்" என்ற பழைய அறிவுரையைப் பனிமலையில் மறந்துவிடுங்கள். ஓடை அருவியாகக் குதிக்கும் இடத்தை வரைபடம் பார்க்காமல் உங்களால் அறிய முடியாது. பள்ளங்களில்தான் பனிச்சரிவும் வந்து குவியும்.

மூடிக்கிடக்கும் பனியில் ஒரு சிறிய குடிலைத் தேடுவதும் அப்படித்தான். ஸ்காட்லாந்தின் கெய்ர்ன்கார்ம் மேட்டுச் சமவெளியில் 1971 நவம்பரில் பனிப்புயலில் சிக்கிய ஒரு பள்ளிக் குழு, ஓர் அவசரத் தங்குகுடிலை நோக்கிப் போய் அதை எட்ட முடியாமல் திறந்தவெளியில் இரவைக் கழிக்க நேர்ந்தது. ஆறு பேர் இறந்தார்கள், அவர்களில் ஐந்து பேர் மாணவர்கள். திட்டத்தின் கடைசி நம்பிக்கையாக, பனி மூடிவிடக்கூடிய ஒரு புள்ளியை வைக்காதீர்கள்.

உதவி தேவை என்றால் அந்த நாட்டின் அவசர எண்ணுக்கு அழையுங்கள். ஃபோன் காட்டும் ஆயத்தொலைவுகளை முதலில் சொல்லுங்கள், இணைப்பு எந்த நொடியும் அறுந்துபோகலாம். சிக்னல் இல்லையென்றால் விசிலோ விளக்கோ: ஒரு நிமிடத்துக்கு ஆறு முறை, பிறகு ஒரு நிமிடம் இடைவெளி, மீண்டும் ஆறு. நிமிடத்துக்கு மூன்று முறை பதில் வந்தால் உங்களைக் கண்டுவிட்டார்கள். அதன் பிறகு நகராதீர்கள், ஆனால் விசிலையும் நிறுத்தாதீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

அந்த அட்டையைத் தூக்கி எறியாதீர்கள். ஈரம் காய்ந்ததும், ஒவ்வொரு துண்டுக்கும் பக்கத்தில் உண்மையில் ஆன நேரத்தை எழுதுங்கள். 30 நிமிடம் என்று எழுதிய அந்தக் கணவாய்த் துண்டுக்கு எனக்கு 41 ஆகியிருந்தது. பனி கணுக்காலுக்குச் சற்று மேலே, எதிர்க்காற்று, நடுவில் ஒருமுறை காலணியின் பனிமுள் கழன்று மாட்டியது. ஐந்தாறு நடைக்கு இப்படி எழுதிய பிறகு, என் கணக்குகளை மூன்றில் ஒரு பங்கு கூட்டிப் போடுகிறேன்; இப்போதெல்லாம் தோள்பட்டை கிட்டத்தட்டச் சொன்ன நேரத்துக்கு வந்துவிடுகிறது.